முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்பவர்

அக்கா மன்னிப்புக் கேட்டு நான் முதன்முதலில் பார்த்தது, வேலைக்குச் சேர்ந்த அதே வாரத்தில். கேட்டதும் என்னிடம்தான்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், இரண்டாம் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கப்பலில் கண்டெய்னர் பிடித்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம்; தலைமை அலுவலகம் சென்னையில். படிப்பு முடித்த கையோடு எனக்குக் கிடைத்த வேலை. தினமும் ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். அக்கா சாயர்புரத்துக்காரர். எங்கள் பிரிவில் மூத்தவர். எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட வயதில் பெரியவரான மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்று காலையில் ஒரு ஃபைலைக் காணோம் என்று அக்கா என்னை ஏசினார். “எங்கன கொண்டு வச்ச? ஒரு ஃபைலப் பத்திரமா வைக்கத் தெரியாதா?” நான் அந்த ஃபைலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது அவருடைய டிபன் பைக்கு அடியிலேயே கிடந்தது. சத்தமில்லாமல் என் மேசைக்கு நகர்த்திவிடுவார் என்று நினைத்தேன். உலகத்தில் நான் பார்த்திருந்த பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

அக்கா எழுந்து நின்று பேனாவால் மேசையைத் தட்டினார்.

“எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. காலைல இந்தப் பிள்ளைய உங்க முன்னாலதான ஏசினேன்? ஃபைலு எங்கிட்டதான் இருந்திருக்கு. தப்பு எம்மேல. உங்க முன்னால ஏசினத உங்க முன்னாலயே சொல்லணும்லா?” என்றவர் என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “பிள்ளே, என்ன மன்னிச்சிரு.”

அந்தக் கைகளில் யூகலிப்டஸ் தைலம் மணத்தது. அவருக்கு ஓயாத தலைவலி உண்டு. நான் அழுதுவிட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றுவது, கையைப் பிடிப்பது, ‘மன்னிச்சிரு’ என்று தாழ்ந்த குரலில் சொல்வது. ஈரத்தரையில் மிதித்துவிட்டால் கூட்டுகிற அம்மாவிடம் கேட்பார். ஆட்டோக்காரரைக் காக்க வைத்துவிட்டால் ஏறும்போதும் கேட்பார், இறங்கும்போதும் கேட்பார். ஒரு முறை லாரி டிரைவர் ஒருவருக்குத் தவறான வாசலைச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் பாதி நாள் வெயிலில் வேறொரு வாசலில் காத்துக் கிடந்தார். விஷயம் தெரிந்ததும் அக்கா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். வழியில் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி, வரிசையில் நின்ற அந்த லாரியைத் தேடிப் பிடித்து, கதவருகே நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். டிரைவர் பதறிப்போய்க் கீழே குதித்தாராம். பிறகு எங்கள் அலுவலகத்துக்கு எப்போது வந்தாலும், “அக்கா இருக்காவளா?” என்று கேட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் போவார்.

“அக்காட்ட படிங்கடே,” என்பார் மேனேஜர். “தப்பு செஞ்சா ஒத்துக்கிட ஒரு துணிச்சல் வேணும்.”

அக்கா சிரிப்பார். “துணிச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல சார். ஒரு சொல்லுதான? சொல்லிட்டா நெஞ்சு லேசாயிருது. எனக்கு நிம்மதியாத் தூங்கணும்.”

அப்போது அதை நான் வேறு மாதிரிக் கேட்கவில்லை.

சென்னையில் நடக்கவிருந்த ஒரு பயிற்சிக்கு எங்கள் கிளையிலிருந்து ஒருவரை அனுப்புவதாகப் பேச்சு வந்தது. போய்வந்தால் வேலை நிரந்தரமாகும். “உன் பேரத்தான் சொல்லப்போறேன்,” என்று அக்கா எனக்கு வாக்குக் கொடுத்தார். பிறகு மறந்துவிட்டார். வேறொருவர் போனார். அன்று மாலை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றியதும் எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அந்த அலைச்சலில் மறந்துவிட்டதாகச் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். “பரவால்லக்கா, நான்தான் ஞாபகப்படுத்தியிருக்கணும், என் தப்புதான்,” என்றேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

பஸ் முக்காணியைத் தாண்டும்போதுதான் உறைத்தது. வாய்ப்பை இழந்தது நான். தண்ணீர் கொடுத்ததும் நான். தப்பு என்று ஒத்துக்கொண்டதும் நான். ஆனால் அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய மனுஷி என் முன்னால் அழுதாரே என்பதுதான் மனதில் நின்றது. அடுத்த முறை பயிற்சிக்கு ஆள் கேட்டபோதும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. கேட்டால் மறுபடியும் அழுவார் என்று நானும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டதோடு அந்த விஷயம் அவருக்கு முடிந்துபோயிருந்தது.

இறால் ஏற்றுமதி செய்யும் அண்ணாச்சி ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். திரேஸ்புரத்துப் படகுகளில் மீன் வாங்கி விற்று மேலே வந்தவர். என்னைத் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார். “எஞ் சரக்கெல்லாம் அந்தத் தாயி கையால போட்டாத்தான் போய்ச் சேருது,” என்று மேனேஜரிடமே சொல்லுவார். உறையவைத்த இறாலுக்குக் குளிர்பதனக் கண்டெய்னர் வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் புக்கிங் போடும்போது அது எத்தனை டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும் என்று குறிக்க வேண்டும். மைனஸ் பதினெட்டு. அதைப் பார்த்துத்தான் கண்டெய்னர் டிப்போவில் குளிரைச் செட் செய்து அனுப்புவார்கள்.

அன்றைக்கு எனக்குக் கடுமையான பல்வலி. கன்னம் வீங்கிப்போய் இருந்தேன். அக்காதான் என்னை டாக்டரிடம் துரத்தினார்.

“சிஸ்டத்த அப்படியே விட்டுட்டுப் போளா. அண்ணாச்சி புக்கிங்க நான் முடிச்சிருதேன்.”

“இல்லக்கா, வந்து நானே…”

“போங்கேன்லா. மூஞ்சியப் பாரு, இட்லி மாதிரி வீங்கிட்டு வருது.”

போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் பல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சரக்கு துறைமுகத்துக்குப் போன மறுநாள் போன் வந்தது. கண்டெய்னரின் கதவிடுக்கில் தண்ணீர் வடிகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று. புக்கிங்கில் பதினெட்டு என்று மட்டும் இருந்தது. முன்னால் மைனஸ் இல்லை. டிப்போக்காரர்கள் அப்படியே வைத்து அனுப்பியிருந்தார்கள். சரக்கு ஏற்றிய அவசரத்தில் அண்ணாச்சியின் ஃபேக்டரியிலும் யாரும் கவனிக்கவில்லை. வெயில் கொதிக்கிற ஊரில் அத்தனை இறாலும் அழுகிப்போனது. புக்கிங் போயிருந்தது என் பெயரில்.

நான் அதைப் போடவில்லை என்று எனக்குத் தெரியும். போட்டது யார் என்றும் தெரியும். அக்காவைப் பார்த்தேன். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் வரை என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மாலையில் எங்கள் வீட்டு வாசலில் அக்காவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அதற்கு முன் அவர் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, “பிள்ளையோட கொஞ்சம் பேசிக்கிட்டு நடந்துட்டு வாரேன்,” என்று என்னை வாய்க்கால் பக்கமாக அழைத்துப் போனார். வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏளா, அது நான்தான். அவசரத்துல அடிச்சிட்டேன். திரும்பப் பாக்கல.”

“தெரியும்க்கா.”

“என்ன மன்னிச்சிரு. உன் பேர்ல போயிட்டு. ரெண்டு நாளா எனக்குத் தண்ணி எறங்கல.” உடம்பே குலுங்க அழுதார். குனிந்து என் காலைத் தொடப் போனார். நான் துள்ளி விலகி அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“அழாதிங்கக்கா. சொல்லிட்டா சரியாப் போவும்.”

“திங்கக்கெழம அண்ணாச்சியும் வாராவ, சென்னையில இருந்தும் ஆள் வாராவ. நானே எல்லாரு முன்னாலயும் சொல்லுதேன். அதுவரைக்கும் நீ மட்டும் வாயத் தொறக்காத. என்ன? நான் சொன்னா அது மன்னிப்பு. எனக்கு முன்னால நீ சொல்லிட்டா அது கோள் சொன்ன மாதிரி ஆயிரும்லா.”

எவ்வளவு சரியாகப் பட்டது அந்தப் பேச்சு! மேனேஜர் அன்றே எனக்குப் போன் செய்து கேட்டார். “திங்கக்கெழம வந்து சொல்லுதேன் சார்,” என்று மட்டும் சொல்லி வைத்தேன். அக்காவின் அந்தப் பெருமையை நான் தட்டிப் பறித்துவிடக் கூடாது என்று இருந்தது எனக்கு. அவர் எழுந்து நிற்கப்போவதையும், எல்லோரும் மெய்மறந்து பார்க்கப்போவதையும் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவரை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. சென்னையிலிருந்து வந்த அதிகாரி பக்கத்தில் இருந்தார். நானும் அக்காவும் நின்றோம். அதிகாரி வாயைத் திறப்பதற்குள் அக்கா ஓரடி முன்னால் போனார். கண்ணாடியைக் கழற்றினார். அண்ணாச்சியின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

“அண்ணாச்சி, என்ன மன்னிச்சிருங்க.”

எனக்கு மூச்சு வந்தது.

“சின்னப் பிள்ள. பல்லுவலியில என்ன அடிக்கோம்னு தெரியாம அடிச்சிட்டா. நான் பெரியவ, பாத்திருக்கணும். பாக்காம விட்டுட்டேன். அவளுக்கு மன்னிப்புக் கேக்கக்கூடப் பயம். அவ சார்பா நான் உங்க கால்ல விழுதேன்.”

விழுந்தார். அண்ணாச்சி பதறி அவரைத் தூக்கினார். “எக்கா, எக்கா, நீங்க எதுக்கு விழுதிய? செஞ்சவ கல்லு மாதிரி நிக்கா.” என்னைப் பார்த்தார். “உன்னத் தாயின்னு கூப்பிட்டேனேளா.”

“சார், அது நான் போடல. அக்காதான் போட்டாங்க. எங்க வீட்டுக்கு வந்து சொன்னாங்க,” என்றேன். சொன்ன எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

அறையில் இருந்தவர்களின் முகங்கள் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. அதுவரை என்மேல் கோபம்தான் இருந்தது. இப்போது அருவருப்பு வந்துவிட்டது. “தப்ப ஒத்துக்கலைன்னாலும் பரவாயில்லம்மா,” என்றார் சென்னைக்காரர். “உனக்காகக் கால்ல விழுந்தவங்க மேலேயே பழி போடறியே!”

“விடுங்க சார்,” என்றார் அக்கா. “பயத்துல பேசுதா. ஒண்ணும் சொல்லாதிங்க.”

எனக்காகப் பரிந்து பேசிய அவருடைய அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. எப்போதும் போலக் கனிவாகவே இருந்தது.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது அக்கா படிக்கட்டில் ஓடிவந்து மறித்தார்.

“வேற வழி தெரியலளா. வீட்டுல அவிய படுத்த படுக்க. மவன் படிக்கான். இந்த வயசுல என்ன அனுப்பிட்டா எங்க போவேன்? உனக்கு வயசிருக்கு, அப்பா இருக்காரு. எங்க போனாலும் வேல கெடைக்கும்.”

“திங்கக்கெழம சொல்லுதேன்னு சொன்னியளே அக்கா.”

“சொல்லத்தான் வந்தேன். அண்ணாச்சி மொகத்தப் பாத்ததும் வாயில வேற வந்துட்டு. என்ன மன்னிச்சிரு பிள்ளே.” என் கைகளைப் பிடித்தார்.

நான் உதறினேன். அவர் அடிபட்டவர் போல என்னைப் பார்த்தார். “மன்னிப்புக் கேட்டாக்கூட ஏத்துக்கிட மாட்டியா?” என்றார். நிஜமாகவே அவருக்கு வலித்தது. அதை என்னால் இப்போதும் மறுக்க முடியாது.

வீட்டுக்கு வந்தால் அப்பா கொடிக்காலுக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா எனக்கு முன்னால் அவருக்குப் போன் செய்திருந்தார். ‘அண்ணே, உங்க மகள என்னால காப்பாத்த முடியல, என்ன மன்னிச்சிருங்க’ என்று அழுதிருந்தார்.

“அந்தம்மா உனக்காகக் கால்ல விழுந்துருக்கா,” என்றார் அப்பா. “நீ அவ மேலயே பழியத் தூக்கிப் போட்டியாம். இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?”

“அப்பா, அவுங்க இங்க வந்தப்ப…”

“பேசாத.”

நான் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பல நாள். உள்ளறையில் படுத்தே கிடந்தேன். ஊரில் யாருக்கும் முழு விவரம் தெரியாது. ஏதோ தப்புச் செய்து வேலை போய்விட்டது என்று மட்டும் தெரியும். அம்மா என்னை நம்பினாள், ஆனால் அப்பாவிடம் வாதாடும் தைரியம் அவளுக்கு இல்லை. எனக்கு வேலை போனது பெரிதாகப் படவில்லை. வாய்க்கால் கரையில் நின்று அழுதாரே, அந்த அழுகை பொய்யா என்றுதான் கிடந்து குழம்பினேன். பொய்யென்று சொல்லிவிட்டால் எளிதாக இருந்திருக்கும். பொய் இல்லை. அங்கே அவர் அழுததும் நிஜம்தான். அழுது முடித்ததும் பாரம் இறங்கியிருக்கும், நன்றாகத் தூங்கியிருப்பார். திங்கட்கிழமை எழுந்தபோது பயம் மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கும்.

ஒரு மத்தியானம் அப்பா வந்து அடுக்களை வாசலில் நின்றார். நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவு நிலையில் இருந்த ஆணியைத் திருகிக்கொண்டே பேசினார்.

“அன்னைக்கு ஒங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கணும். கேக்காம ஏசிட்டேன்.”

“யாருப்பா சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல. நீ படுத்துக் கெடக்கத நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்.” மறுபடியும் ஆணியைத் திருகினார். “அந்தம்மா வந்துட்டுப் போன அன்னைக்கு நீ எவ்வளவு சந்தோசமா இருந்த. அத நெனச்சுப் பாத்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு என்னோடு தூத்துக்குடிக்கு வந்தார். ஒவ்வொரு அலுவலகமாக என்னோடு ஏறி இறங்கினார். கேட்டவர்களிடம், “எம் மவ அந்தத் தப்பச் செய்யல,” என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். உப்பு ஏற்றுமதி செய்கிற ஓர் இடத்தில் கடைசியில் வேலை கிடைத்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். இறால் அண்ணாச்சியைச் சாலையில் எப்போதாவது பார்ப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அக்கா ஒருநாள் கூப்பிடுவார் என்று நான் காத்திருந்தேன். என் எண் அவரிடம் இருக்கிறது. ஆண்டுக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். பூ, மெழுகுவர்த்தி, கீழே எழுத்து: ‘இந்த ஆண்டில் நான் அறிந்தோ அறியாமலோ உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்.’ எல்லோருக்கும் போகிற படம். முதல் வருடம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். கீழே ஒரு வரியாவது தனியாக வருமா என்று. வரவில்லை. ஒவ்வொரு ஆண்டும் அந்தப் படம் வந்தது. ஒவ்வொரு ஆண்டும் நான் பார்த்தேன்.

போன வருடம் சாயர்புரத்தில் ஒரு கல்யாணம். கூட வேலை பார்க்கும் பெண்ணுடையது. மண்டபத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்து, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“ஏ பிள்ளே! நீதானா?” இழுத்து அணைத்துக்கொண்டார். நான் மரம் போல நின்றேன். மருமகளிடம் திரும்பினார். “நான் சொல்லுவேம்லா, ஆபீசுல ஒரு பிள்ள, எறாலு கண்டெய்னரக் கெடுத்துட்டு முழிச்சிக்கிட்டு நின்னுச்சு, நான் போயி அண்ணாச்சி கால்ல விழுந்தேன்னு… இவதான்.”

“அக்கா,” என்றேன். “அந்தப் புக்கிங்கப் போட்டது நீங்க.”

மருமகளின் முகம் கறுத்தது. நான் அக்காவின் கண்களையே பார்த்தேன். ஒரு திடுக்கிடல், ஒரு விலகல், பழைய பயத்தின் ஒரு துளியாவது தெரியும் என்று தேடினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். என் கன்னத்தைத் தடவினார்.

“இன்னுமா அதையே மனசுல வச்சிருக்க? விடுளா. நீ அன்னைக்கு எம்மேல பழி போட்டதெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்.”

சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட, மருமகளோடு பந்திக்குப் போனார்.

நான் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அது அவருக்குள் அப்படியே இறுகிப்போயிருந்தது. யாரும் என்னை நம்பாத நாட்களில்கூட எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நடந்தது என்னவென்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர், நானும் அக்காவும். எங்கே இருந்தாலும் அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.